ரவுண்டானாவில் நெரிசல் எங்கே பிறக்கிறது: ஒரு சாலைச் சந்திப்பைத் திட்டமிடும் விதம்

ஒரு சாலையில் தினமும் வாகனங்கள் தேங்கி நின்றால், அதை அகலப்படுத்த வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் முதலில் எழும் கோரிக்கை. கண்ணுக்குத் தெரிவது சாலையும் அதில் நிற்கும் வரிசையும் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் ஊருக்குள் ஓடும் சாலைகளில் நெரிசல் சாலையின் நடுப்பகுதியில் உருவாவது அரிது. அது சந்திப்பில் உருவாகி, அங்கிருந்து பின்னோக்கி வளர்ந்து வந்து சாலையை அடைத்துக்கொள்கிறது. குடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீர் அதன் வாயின் அகலத்துக்குத்தான் வெளியே வரும். சந்திப்பு என்பது அந்த வாய்.

இதை ஒரு எளிய கணக்கில் பார்க்கலாம். தடையின்றி ஓடும் ஒரு தடத்தில், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1,800 முதல் 1,900 கார்கள் வரை ஒரு புள்ளியைக் கடந்து செல்ல முடியும். அதாவது இரண்டு விநாடிக்கு ஒன்று. அதே தடம் ஒரு சிக்னலில் போய் முடிந்து, பச்சை விளக்கு அதற்கு நேரத்தில் 40 விழுக்காடு மட்டுமே கிடைக்கிறது என்றால், கடக்கக்கூடிய எண்ணிக்கை சுமார் 750 ஆகச் சுருங்கிவிடுகிறது. சந்திப்புக்கு முன்னால் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலையை இரு மடங்காக்கிவிட்டு, சந்திப்பின் வாயை அப்படியே விட்டுவைத்தால், நீளமான ஒற்றை வரிசைக்குப் பதிலாகக் குட்டையான இரட்டை வரிசை கிடைக்கும். காத்திருக்கும் நேரம் மாறாது.

ஆகவே ஒரு மேம்பாட்டுத் திட்டத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தாமதம் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தத் திருப்பத்தால் ஏற்படுகிறது என்பது. அதற்கு எண்ணுவதைத் தவிர வேறு வழி இல்லை. இந்தப் பணிக்குத் திருப்பக் கணக்கெடுப்பு என்று பெயர். நான்கு சாலைகள் கூடும் சந்திப்பில், ஒவ்வொரு சாலையிலிருந்து வரும் வாகனமும் இடப்பக்கம் திரும்பலாம், நேராகப் போகலாம், வலப்பக்கம் திரும்பலாம். ஆக மொத்தம் 12 போக்குகள். இந்த 12 போக்குகளையும் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தனித்தனியாகக் குறிப்பார்கள். இப்போது கேமராவில் பதிவு செய்து பிறகு எண்ணுவதே வழக்கம் என்றாலும், திட்டத்தை வகுப்பவர் காலையில் ஒருமுறையாவது ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சந்திப்பின் ஓரத்தில் நிற்பது நல்லது. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தபடி அரை மணி நேரம் நின்றால், எண்களின் பட்டியலில் தெரியாத சில விஷயங்கள் தெரியவரும்: பேருந்து நிற்கும்போதெல்லாம் பின்னால் வரும் தடம் அடைபடுவது, பள்ளி வாசலுக்காக வண்டிகள் திடீரென்று ஓரம் கட்டுவது, பாதசாரிகள் குறியிட்ட இடத்தில் கடக்காமல் பத்தடி தள்ளிக் கடப்பது. சந்திப்பின் தவறு என்று நினைத்தது ஒரு தவறான பேருந்து நிறுத்தமாக இருந்தால், அதை ஐம்பது மீட்டர் நகர்த்துவதோடு வேலை முடிந்துவிடும்.

எண்ணும் நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. பள்ளி விடுமுறை, பண்டிகை, கனமழை, பக்கத்துச் சாலையில் பழுதுபார்ப்பு ஆகியவை இல்லாத சாதாரண வேலை நாளாக அது இருக்க வேண்டும். கடந்து சென்ற வாகனங்களை மட்டும் எண்ணினாலும் போதாது. நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது ஒரு சந்திப்பைக் கடக்கும் எண்ணிக்கை என்பது அந்தச் சந்திப்பால் முடிந்த அளவே தவிர, கடக்க விரும்பியவர்களின் அளவு அல்ல. வரிசையில் நிற்பவர்களையும் சேர்த்தால்தான் உண்மையான தேவை தெரியும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான் என்று சொல்வேன்.

எல்லா வாகனங்களும் ஒரே இடத்தை எடுத்துக்கொள்வதில்லை என்பதால், எண்ணிக்கையைக் கார் அளவுக்கு மாற்றிக்கொள்வது வழக்கம். ஒரு கார் ஒன்று என்றால், இருசக்கர வாகனம் அதில் பாதி, பேருந்தும் லாரியும் இரண்டு முதல் மூன்று என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். நாட்டுக்கு நாடு இந்த மதிப்புகள் மாறும். இனி இந்தக் கட்டுரையில் வரும் எண்களெல்லாம் இப்படி மாற்றப்பட்ட கார் அளவு எண்களே.

இப்போது ரவுண்டானாவுக்கு வருவோம். நடுவில் ஒரு வட்டத் திட்டு, அதைச் சுற்றி ஒரே திசையில் ஓடும் போக்குவரத்து என்ற அமைப்பு புதிதல்ல. நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளில் 1905-லும், பாரிஸின் எத்துவால் சதுக்கத்தில் 1907-லும் ஒருவழிச் சுழற்சி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தக் காலத்து வட்டங்கள் பலவற்றில் உள்ளே நுழைபவருக்கே முன்னுரிமை இருந்தது, அல்லது தெளிவான விதியே இல்லை. நுழைபவர் நுழைந்துகொண்டே இருக்க, உள்ளே சுற்றுபவர் நின்று வழிவிட, வட்டம் நிரம்பி, யாரும் வெளியேற முடியாமல் மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும். ஒருவர் வெளியேறினால்தான் மற்றவருக்கு இடம். வெளியேறும் வழியை மறித்து நிற்பவரோ உள்ளே நுழைந்தவர். பிரிட்டனில் 1966-இல் விதி மாற்றப்பட்டது: வட்டத்துக்குள் சுற்றுபவருக்கே முன்னுரிமை, நுழைபவர் காத்திருக்க வேண்டும். ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல், வெறும் முன்னுரிமையைத் தலைகீழாக்கியதால் வட்டங்கள் பூட்டிக்கொள்வது நின்றது. இன்று நாம் ரவுண்டானா என்று சொல்லும் அமைப்பின் உயிர் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது. அது கடைப்பிடிக்கப்படாத இடத்தில் நடுவில் எவ்வளவு அழகான பூங்கா வைத்தாலும் அது வெறும் உருண்டையான தடைதான்.

விதி இதுவென்றால், ஒரு நுழைவாயிலின் கொள்ளளவு எதைப் பொறுத்தது என்பதும் தெளிவாகிறது. காத்திருப்பவர், தன் முன்னால் சுற்றும் வாகனங்களுக்கு இடையே ஏறத்தாழ நான்கு ஐந்து விநாடி இடைவெளி கிடைத்தால் உள்ளே நுழைவார். சுற்றும் வாகனங்கள் கூடக்கூட அத்தகைய இடைவெளிகள் குறையும். நுழையக்கூடிய எண்ணிக்கையும் குறையும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டின் ஆறாம் பதிப்பு, ஒற்றைத்தட ரவுண்டானாவுக்கு இதை ஒரு சூத்திரமாகத் தருகிறது. அதைப் பேச்சு வழக்கில் சொன்னால்: எதிரே யாருமே சுற்றாதபோது மணிக்கு 1,380 வாகனங்கள் நுழையலாம், சுற்றும் எண்ணிக்கை 100 கூடும் ஒவ்வொரு முறையும், அதற்கு முன் இருந்த கொள்ளளவில் ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும். 400 பேர் சுற்றினால் சுமார் 920, 800 பேர் சுற்றினால் சுமார் 610. ஓட்டுநர்களின் பழக்கத்துக்கு ஏற்ப ஒவ்வொரு நாட்டிலும் எண்கள் வேறுபடும். வடிவம் இதுதான்.

ஒரு சந்திப்பைக் கற்பனையில் வரைந்துகொள்வோம். வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன, எனவே வட்டத்தில் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகின்றன. (வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இருப்பவர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.) தெற்கிலிருந்து வருபவர் நுழைவுக் கோட்டில் நிற்கிறார். அவர் முன்னால் கடந்து போவது யார்? கிழக்கிலிருந்து நேராக மேற்கே போகிறவர்கள், கிழக்கிலிருந்து வலப்பக்கம் திரும்பி வடக்கே போகிறவர்கள், வடக்கிலிருந்து வலப்பக்கம் திரும்பி மேற்கே போகிறவர்கள். இந்த மூன்று போக்குகள் மட்டுமே அவரைத் தடுக்கின்றன. மேற்கிலிருந்து வரும் எவரும் அவரைத் தடுப்பதில்லை. வடக்கிலிருந்து நேராகத் தெற்கே வருபவர்களும் அவருக்கு முன்பாகவே வெளியேறிவிடுகிறார்கள்.

காலை உச்ச நேரத்தில் அந்த மூன்று போக்குகளும் மணிக்கு 450, 150, 200 என்று வைப்போம். மொத்தம் 800. தெற்கு நுழைவின் கொள்ளளவு 610. தெற்கிலிருந்து வருகிறவர்கள் 500 பேர். அதாவது கொள்ளளவில் 82 விழுக்காடு பயன்படுகிறது. அதே கையேட்டின் தாமதச் சூத்திரப்படி சராசரியாக ஒருவருக்கு அரை நிமிடம் செலவாகும். யாரும் பெரிதாகக் குறை சொல்ல மாட்டார்கள்.

சில ஆண்டுகளில் வடக்கே ஒரு புதிய குடியிருப்பு வருகிறது. அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி மேற்கே வேலைக்குப் போகிறவர்கள் 200-லிருந்து 400 ஆகிறார்கள். தெற்குச் சாலையில் ஒரு வாகனம்கூடக் கூடவில்லை. ஆனால் அதன் முன்னால் சுற்றுபவர்கள் இப்போது 1,000 பேர்; கொள்ளளவு 500-க்குச் சரிந்துவிட்டது; வருகிறவர்களும் 500. சராசரித் தாமதம் 70 விநாடி ஆகிறது, கால் மணிக்குக் கால் மணி வரிசை வளர்கிறது. சுற்றும் எண்ணிக்கை கால் பங்கு கூடியதற்குத் தாமதம் இரு மடங்கைத் தாண்டிவிட்டது. தெற்கில் வசிப்பவர்கள் தங்கள் சாலையை அகலப்படுத்தச் சொல்லி மனு கொடுப்பார்கள். நோய் வடக்கில் இருக்கிறது, வலி தெற்கில் தெரிகிறது. திருப்பக் கணக்கெடுப்பு இல்லாமல் இதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

கொள்ளளவை நெருங்கும்போது தாமதம் இப்படிச் செங்குத்தாக ஏறுவது ரவுண்டானாவுக்கு மட்டும் உரியதல்ல, எல்லா வரிசைகளுக்கும் பொதுவானது. அதனால்தான் வடிவமைப்பாளர்கள் ஒரு நுழைவை அதன் கொள்ளளவில் 85 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பாமல் வைக்க முயல்வார்கள். மீதமுள்ள 15 விழுக்காடு வீணாகக் கிடப்பதாகத் தோன்றும். ஒரு லாரி தயங்கி நிற்பதையும், மழையில் எல்லோரும் மெதுவாக ஓட்டுவதையும் தாங்கிக்கொள்வது அந்தப் பகுதிதான்.

தெற்கு நுழைவுக்கு என்ன செய்யலாம்? தெற்கிலிருந்து வரும் 500 பேரில் 200 பேர் இடப்பக்கம் திரும்பி மேற்கே போகிறவர்கள் என்று வைத்துக்கொண்டால், அவர்கள் வட்டத்துக்குள் நுழையாமலே திரும்பிப் போக ஒரு தனித் தடம் போடலாம். மீதம் 300 பேர் மட்டுமே இடைவெளிக்காகக் காத்திருப்பார்கள். அவர்களுடைய தாமதம் 70 விநாடியிலிருந்து சுமார் 20 விநாடிக்கு இறங்கிவிடும். சில மீட்டர் நிலமும் கொஞ்சம் தாரும் செய்கிற வேலை இது. ஆனால் அந்தத் தடத்தில் வாகனங்கள் நிற்காமல் வளைந்து போகும் என்பதால், அதைக் குறுக்கே கடக்கும் பாதசாரிக்கு அது ஒரு புதிய ஆபத்து. இரண்டாவது வழி, நுழைவை மட்டும் கோட்டுக்கு அருகே புனல்போல் விரித்து இரண்டு தடமாக்குவது. இதே 1,000 பேர் சுற்றினாலும் தடம் ஒன்றுக்கு 570 பேர் வரை நுழையலாம். விரிந்த பகுதி குட்டையாக இருந்தால் முழுப் பயனும் கிடைக்காது என்றாலும் நிலைமை வெகுவாக மாறும். மூன்றாவது, உச்ச நேரத்தில் மட்டும் எரியும் ஒரு சிக்னலை வடக்கு நுழைவில் வைத்து, தெற்கில் வரிசை நீளும்போது வடக்கைச் சில விநாடிகள் நிறுத்திவைப்பது. மூன்றிலும் சாலையின் நடுப்பகுதியை யாரும் தொடவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

எல்லாச் சந்திப்புக்கும் ரவுண்டானாதான் தீர்வு என்று நினைத்துவிடக் கூடாது. நான்கு பக்கமும் ஓரளவு சமமாக வாகனங்கள் வரும்போதும், வலப்பக்கம் திரும்புபவர்கள் அதிகமாக இருக்கும்போதும் அது மிக நன்றாக வேலை செய்யும். நெரிசல் இல்லாத நேரத்தில் யாரையும் காரணமில்லாமல் நிற்கவைக்காது என்பது அதன் பெரிய குணம். நள்ளிரவில் ஆளில்லாத சந்திப்பில் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு பெரிய சாலையில் ஓயாமல் வாகனங்கள் ஓட, ஒரு சிறு சாலை வந்து சேரும் இடத்தில் நிலைமை வேறு: பெரிய சாலையிலிருந்து வரும் இடைவெளியற்ற ஓட்டம் சிறு சாலையை முழுதாக அடைத்துவிடும். அங்கே சிக்னல்தான் நியாயம் வழங்கும். அடுத்தடுத்துச் சிக்னல்கள் ஒன்றோடொன்று நேரம் பொருத்தி இயங்கும் சாலையின் நடுவில் ஒரு ரவுண்டானாவைச் செருகினால், கூட்டமாக வந்துகொண்டிருந்த வாகனங்கள் சிதறிப்போய் அடுத்த சிக்னலின் பச்சையைத் தவறவிடும்.

பாதுகாப்பில் ரவுண்டானாவின் பக்கம் வலுவானது. இருவழிச் சாலைகள் நான்கு கூடும் சாதாரணச் சந்திப்பில் வாகனங்களின் பாதைகள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகள் 32. அவற்றில் 16, குறுக்கே வெட்டிச் செல்லும் புள்ளிகள். ஒற்றைத்தட ரவுண்டானாவில் மொத்தமே 8 புள்ளிகள், அவையும் சேர்வதும் பிரிவதும்தான். பக்கவாட்டில் நேராக மோதும் வகை விபத்து ஏறக்குறைய இல்லாமலே போகிறது. அமெரிக்காவில் ரவுண்டானாவாக மாற்றப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட சந்திப்புகளை ஆராய்ந்து 2001-இல் வெளியான ஆய்வில், காயம் ஏற்படுத்தும் விபத்துகள் முக்கால் பங்கு அளவுக்குக் குறைந்திருந்தன.

ஆனால் அந்தப் பலன் வட்டத்தால் வருவதில்லை, வேகக் குறைவால் வருகிறது. நேரே வரும் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பியே ஆக வேண்டும் என்ற அளவுக்கு நுழைவுப் பாதை வளைந்திருக்க வேண்டும். நடுத் திட்டு மிகச் சிறியதாகவோ, மையத்திலிருந்து விலகியோ இருந்தால், ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமல் நேர்கோட்டில் பறந்துவிடுவார். ஒற்றைத்தட ரவுண்டானாவுக்கு வெளிவட்டத்தின் விட்டம் பொதுவாக 27 மீட்டருக்கு மேல், 55 மீட்டருக்குள் இருக்கும். அதற்கும் குறைவான இடத்தில் பெயின்டால் வரைந்தோ சற்றே மேடாக்கியோ அமைப்பது மினி ரவுண்டானா. பெரிய வண்டிகள் அதன்மேல் ஏறியே போகலாம். பிரிட்டனின் ஸ்விண்டன் நகரில் 1972 முதல் இருக்கும் ஒரு சந்திப்பில், ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றி ஐந்து மினி ரவுண்டானாக்கள் இயங்குகின்றன. முதல் தடவை பார்ப்பவருக்குத் தலை சுற்றினாலும் அது இன்றுவரை வேலை செய்கிறது. நீளமான லாரிகள் வரும் இடத்தில் நடுத் திட்டின் ஓரத்தில் சொரசொரப்பான கல் பதித்த ஒரு வளையம் விடுவார்கள். காரோட்டி அதில் ஏறக் கூச்சப்படுவார். லாரியின் பின்சக்கரம் ஏறிப் போகும்.

நடந்து போகிறவர்களைப் பற்றி வரைபடத்தின் தொடக்கத்திலேயே யோசிக்காவிட்டால், பிறகு சேர்ப்பது கடினம். கடக்கும் இடம் நுழைவுக் கோட்டிலேயே இருக்கக் கூடாது. ஒரு கார் நீளம் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் கோட்டில் நிற்கும் ஓட்டுநர் வலப்பக்கம் வரும் வாகனங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க, பாதசாரி அவர் பின்னால் கடந்து போக முடியும். உள்வரும் தடத்துக்கும் வெளியேறும் தடத்துக்கும் நடுவே உள்ள சிறு தீவில் நின்று, ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் கவனித்துக் கடக்கலாம். இதெல்லாம் ஒற்றைத் தடத்தில் நன்றாகவே நடக்கும். இரண்டு தடமானதும், நின்ற ஒரு வாகனம் பக்கத்துத் தடத்தில் நிற்காமல் வரும் வாகனத்தை மறைக்கிறது. பார்வையற்றவர்களுக்கு வட்டத்தில் ஓயாமல் கேட்கும் வாகனச் சத்தத்தில் இடைவெளியைப் பிரித்தறிவது மிகவும் சிரமம். சைக்கிளில் போகிறவர்களும் பல தட வட்டத்தில் ஓரங்கட்டப்படுவார்கள். அவர்களுக்கு வெளியே தனிப் பாதை தேவை. கொள்ளளவுக்காக இரண்டாவது தடத்தைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு, என் பார்வையில், இந்த இடத்தில்தான் விடை தேட வேண்டும்.

சந்திப்பைச் சரிசெய்தால் வேலை முடிந்தது என்று நினைக்கும்போதுதான் வெளியேறும் பக்கம் நினைவுக்கு வர வேண்டும். மேற்கே போகும் சாலையில் முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு சிக்னல் இருந்து, அதன் வரிசை பின்னோக்கி வளர்ந்து வட்டத்துக்குள் நுழைந்துவிட்டால், மேற்கே போகாதவர்களும் சேர்ந்து நிற்க வேண்டியதுதான். அந்த நிலையில் நுழைவை விரிப்பது, அடைபட்ட குழாயில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். எனவே ஆய்வின் எல்லையில் அடுத்த இரண்டு மூன்று சந்திப்புகளையாவது சேர்த்துக்கொள்வார்கள்.

வலைப்பின்னலாகப் பார்க்கும்போது இன்னும் விசித்திரமான விளைவுகள் உண்டு. ஒரு புதிய இணைப்புச் சாலையைச் சேர்ப்பதால் எல்லோருடைய பயண நேரமும் கூடக்கூடும் என்பதை ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிச் பிராஸ் 1968-இல் நிறுவினார். ஒவ்வொருவரும் தனக்குக் குறுக்குவழி என்று அதைத் தேர்ந்தெடுக்க, எல்லோரும் சேர்ந்து ஏற்கெனவே நிரம்பிய இடத்தில் போய் முட்டிக்கொள்கிறார்கள். நெரிசல் குறைந்த சாலை, அதுவரை வேறு நேரத்திலோ வேறு வழியிலோ போனவர்களையும் ஈர்க்கும். இதனால் திட்டமே வேண்டாம் என்று ஆகிவிடாது. ஆனால் இன்றைய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, இத்தனை விநாடி மிச்சமாகும் என்று பத்தாண்டுக்கு வாக்குறுதி கொடுக்க முடியாது.

மாற்று வழிகளை ஒப்பிடும்போது, எதுவும் செய்யாமல் விடுவதையும் ஒரு வழியாகச் சேர்த்தே கணக்கிடுவார்கள். அது இல்லாவிட்டால் மற்றவற்றின் பயனை எதோடு ஒப்பிடுவது? செலவுப் பக்கத்தில் தாரும் கல்லும் பெரும்பாலும் சிறு தொகைதான். மண்ணுக்கடியில் போகும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின் கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி ஆகியவற்றை இடம் மாற்றுவதும், மூலையில் உள்ள நிலத்தை வாங்குவதும்தான் பட்ஜெட்டை விழுங்கும். இரண்டு மீட்டர் வடக்கே நகர்த்தினால் ஒரு பெரிய குழாயைத் தொடாமல் விடலாம் என்றால், வரைபடத்தை அதற்கேற்ப மாற்றுவதே புத்திசாலித்தனம். மழைநீர் எங்கே ஓடும் என்பதையும் பார்க்க வேண்டும்; மேடாகக் கட்டிய தீவும் விளிம்புக் கற்களும் பழைய ஓட்டத்தை மறித்து, நுழைவுக் கோட்டிலேயே குளம் கட்டிவிடும்.

செலவழிப்பதற்கு முன் பரிசோதித்துப் பார்க்க மலிவான வழி ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் கூம்புகளையும் மணல் மூட்டைகளையும் வைத்து, தீவுகளையும் நடுத் திட்டையும் தற்காலிகமாக அமைத்துச் சில வாரங்கள் ஓடவிடலாம். மிக நீளமான பேருந்து எந்த மூலையில் கூம்பைத் தட்டுகிறது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களிடம் கருத்துக் கேட்பதற்கும் இதுவே நல்ல தருணம். தாளில் வரைந்த வட்டத்தைப் பற்றிச் சொல்வதைவிட, தாங்கள் ஓட்டிப் பார்த்த வட்டத்தைப் பற்றி மக்கள் துல்லியமாகச் சொல்வார்கள்.

கட்டுமானத்தின்போது சந்திப்பை முழுதாக மூடிவிட முடியாது என்பதால், வேலை கால் கால் பகுதியாக நடக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எந்தத் தடம் திறந்திருக்கும், ஆம்புலன்ஸ் எவ்வழியே போகும் என்பதற்குத் தனி வரைபடம் வேண்டும். திறந்த முதல் சில வாரங்களில் ஓட்டுநர்கள் தயங்குவார்கள், கோட்டில் தேவையில்லாமல் நிற்பார்கள்; அப்போது எடுக்கும் கணக்கு எதையும் சொல்லாது. பழக்கம் படிந்த சில மாதங்களுக்குப் பிறகு, முன்பு எண்ணிய அதே 12 போக்குகளை, அதே மாதத்தின் சாதாரண வேலை நாளொன்றில், அதே கால் மணி இடைவெளிகளில் மறுபடி எண்ண வேண்டும். அதோடு அடுத்த சந்திப்பில் நிற்கும் வரிசையின் நீளத்தையும் அளக்க வேண்டும். இங்கே காணாமல் போன வாகனங்களில் எத்தனை அங்கே போய் நிற்கின்றன என்பது அப்போது தெரியும்.